இருபது கைகளுக்குச் சட்டை தைத்தவள்

சாளைத்துறை நகராட்சிக் கூட்டத்தில் தூக்கிய கைகள் கீழே இறங்காமல் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, பஜ்ஜித் தட்டு இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்த நேரத்தில். எனக்கு இது இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், என் தையல்கடை நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கூட்ட அரங்கின் பெரிய ஜன்னல் என் மிஷினுக்கு முன்னால்தான் திறக்கும். அந்த நேரத்தில் முப்பத்தாறு பிள்ளைகளின் கோ-கோ சட்டைக்கான நீலத் துணியைப் பலகையில் விரித்துப்போட்டு, கத்தரியைக் கையில் எடுத்திருந்தேன்.

அந்தப் பிள்ளைகள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் மற்ற எல்லோரும் அவர்களைக் கடைசியாகத்தான் சொல்வார்கள். எங்கள் நகராட்சி நடுநிலைப் பள்ளியில் சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடிக்கும்; அதே நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து இறால் வண்டி கிளம்பி, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கொம்பையாவின் உரிப்புக் கொட்டகைக்கு வரும். மணிக்கும் வண்டிக்கும் நடுவில் அகப்பட்ட பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு நேராகக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பிலோமினா டீச்சர்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, நாலிலிருந்து ஆறரை வரைக்கும் மாலை வகுப்பு என்று ஒன்றை வாங்கினாள். கொஞ்சம் சுண்டல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், அப்புறம் மைதானத்தில் புழுதி கிளம்பக் கோ-கோ. ஆறரைக்கு வண்டி காலியாகியிருக்கும், கொட்டகைக்குப் பிள்ளை தேவைப்படாது. அவ்வளவுதான் அந்த வகுப்பின் ரகசியம், அதற்கு மேல் அதில் ஒரு மந்திரமும் கிடையாது.

அந்த வருஷம் பிள்ளைகள் மாவட்டத்தில் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போகவேண்டியிருந்ததால், நகராட்சி மனது வைத்துச் சட்டைத் துணி கொடுத்திருந்தது. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் ஏழாம் வகுப்பு சகாயராணி. வானத்து நீலம் வேண்டாம், யூனிபார்ம் நீலமும் வேண்டாம், வள்ளத்தின் அடிப்பலகையில் பூசுவார்களே அந்த நீலம் வேண்டும் என்று என் கடையில் வந்து நின்று ஒற்றைக்காலில் அடம்பிடித்தாள். அவள் அம்மா லூர்தம்மாள் பதினொரு வயதிலிருந்து கொட்டகையில் இறால் உரிக்கிறவள், அதனால் மகளாவது அங்கே வராமல் எட்டாவது தாண்டட்டும் என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எங்கள் நகராட்சியில் தீர்மானத்தை வாசிப்பதில்லை, தீர்மானத்தின் எண்ணை மட்டும் வாசிப்பார்கள். ஆணையர் எண்ணைச் சொல்லுவார், உறுப்பினர்கள் மென்றுகொண்டே கையைத் தூக்குவார்கள், நிறைவேறியது என்று எழுதிக்கொள்ளப்படும். வார்டு மொத்தம் இருபத்தொன்று. அதில் பெண்களுக்கு ஒதுக்கிய ஒன்பதில் எட்டுக்குப் புருஷன்மார்தான் வந்து உட்கார்ந்து கை தூக்குவார்கள், அதை ஒரு தப்பென்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. அறுபத்திரண்டாவது எண் கூட்ட அரங்குக்கு ஏசி வைக்கிற தீர்மானம். அறுபத்து மூன்றாவது எண், செலவுச் சிக்கனம் கருதி மாலை வகுப்பை நிறுத்துகிற தீர்மானம். நகராட்சித் தலைவர் பால்வண்ணனின் சொந்த மச்சினன்தான் கொட்டகைக் கொம்பையா என்பதும், அந்தப் பருவத்தில் கொம்பையாவுக்குச் சின்னக் கைகள் பற்றாக்குறையாக இருந்தன என்பதும், ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அறுபத்து மூன்று என்றார் ஆணையர். இருபது வலக்கைகள் மேலே போயின, போனவை அங்கேயே நின்றன.

இருபத்தோராவது கை எங்கே என்று கேட்பீர்கள். அது எட்டாவது வார்டு ராமலட்சுமியின் கை, நேரில் கூட்டத்துக்கு வருகிற ஒரே பெண் உறுப்பினர் அவள்தான். அவள் எதிர்த்தாள் என்று நினைத்துவிடாதீர்கள், அவளுடைய ஒரு கையில் பஜ்ஜியும் இன்னொரு கையில் டீயும் இருந்தன. இந்தக் கதையில் நல்லவர்களைத் தேடுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், சிரமப்பட வேண்டாம்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அறுபத்து நாலு என்றார், கைகள் மேலேதான் இருந்தன, எழுதிக்கொண்டார்; அறுபத்தைந்து என்றார், எழுதிக்கொண்டார்; எழுபத்தொன்று வரைக்கும் அப்படியே போய், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறபோதுதான் சோறு பிசையக் கை வரவில்லை என்பது தெரிந்தது. இழுத்துப் பார்த்தார்கள், எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், கடைநிலை ஊழியர் இரண்டு பேர் தலைவரின் கையில் தொங்கியும் பார்த்தார்கள். கை வலிக்கவுமில்லை, மரத்துப்போகவுமில்லை, வெறுமனே இறங்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த எலும்பு டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, சாப்பாட்டைக் குறைத்தால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏன் இப்படி ஆனது என்று இரண்டு நாள் பேசினோம், மூன்றாம் நாள் அதை விட்டுவிட்டு, இனி எப்படி வாழ்வது என்று பேச ஆரம்பித்தோம்.

கை தூக்கினால் சட்டை மேலேறும், சட்டை ஏறினால் தொப்புள் தெரியும். அந்த வாரம் முழுக்க இருபது தொப்புள்கள் கடைத்தெருவில் நடமாடின. தலைவர்தான் முதலில் என் கடைக்கு வந்தார். உயிரோடு இருந்தவரை என் வீட்டுக்காரர்தான் தலைவருக்குச் சட்டை தைத்தவர், அவர் செத்த பிறகு அளவு நோட்டு என் கையில். வலக்கைக்குழியைத் தோளுக்கு மேலே திருப்பிவைத்து, வலப்பக்கத் துணியை ஒரு சாண் இறக்கி, கையை வானத்தைப் பார்க்கத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, பொன்மணி, நீ கலைஞி என்றார். மறுநாள் மீதிப் பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சட்டை சரியானதும் நாற்றம் பிரச்சினையானது. இருபது அக்குள்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திறந்தபடி ஒரே அரங்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புது ஏசி அந்த வாடையைக் குளிரவைத்துத் திரும்பத் திரும்ப எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. ஏசி வந்தும் யாரும் சாத்தாத ஜன்னல் வழியாக என் கடைக்கும் ஒரு பங்கு வரும். சுற்றியிருக்கிற டீக்கடைக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், மனு எழுதுகிறவருக்கும் வரும். நாங்கள் மூக்கைப் பொத்தினோமா? இல்லை. மரியாதைக் குறைவென்று நினைத்துவிடுவார்கள் என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டோம். கொஞ்ச நாளில் அது வாடையே இல்லை, உழைப்பின் மணம் என்று பெட்டிக்கடைக்காரர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். பிள்ளைகளின் சுண்டலுக்குப் பணமில்லை என்று சொன்ன அதே நகராட்சி, அக்குளுக்குச் சந்தனம் வாங்க ஒரு தீர்மானம் போட்டு, எண்ணை வாசித்து, ஏற்கெனவே தூக்கியிருந்த கைகளால் ஒருமனதாக நிறைவேற்றியது. அதையும் பார்த்துக்கொண்டே தைத்தேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்லவேண்டும், அது என் கேவலம். சந்தனம் மட்டும் போதவில்லை, வேர்வை வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கியது, அக்குளில் வேர்வை குடிக்கிற தடித்த துணி வைத்துத் தைக்கவேண்டும் என்று தலைவர் சொல்லியனுப்பினார். எந்தத் துணி என்று கேட்டேன். அந்த மாலை வகுப்புத் துணி உங்களிடம் சும்மாதானே கிடக்கிறது, அது நகராட்சிச் சொத்து, அதையே வையுங்கள் என்று பதில் வந்தது. நல்ல பருத்தி, தண்ணீரை இழுத்துக் குடிக்கிற ஜாதி. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, நான் பிடுங்கினேன். அளவு நோட்டில் சகாயராணி, மார்பு இருபத்தாறு, நீளம் இருபத்திரண்டு என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பிவைத்துவிட்டு, அந்த நீலத்தை உள்ளங்கையகலத் துண்டுகளாக வெட்டி, இருபது அக்குள்களுக்கும் மாற்றுக்கு மாற்று வரும்படி தைத்துக் கொடுத்தேன். வள்ளத்து நீலம் முழுக்க அக்குளுக்குப் போனது.

ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகும். நகராட்சி அலுவலகத்தின் வாசல் நிலைகளை இடித்து உயர்த்தினார்கள். உறுப்பினர்கள் ஏறுவதற்கென்று ஆட்டோவின் மேல்துணியில் வட்டமாக ஓட்டை போட்டார்கள், மழை நாளில் அதற்கு ஒரு குல்லாயும் மாட்டினார்கள். இடக்கையால் திருநீறு வாங்குவதா என்று கோவில் பூசாரி முதல் நாள் தயங்கினார், இரண்டாம் நாள், வலக்கை ஆண்டவனை நோக்கி இருப்பதால் இடக்கைக்கு வலக்கையின் தகுதி வந்துவிட்டது என்று அவரே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு விருந்துகளில் உறுப்பினர்கள் இடக்கையால் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு மரியாதையாகப் பக்கத்து இலைக்காரர்களும் இடக்கையால் சாப்பிட்டார்கள், அப்புறம் பந்தி முழுக்க இடக்கையால் சாப்பிட்டது. பிறந்ததிலிருந்து இடக்கைப் பழக்கத்துக்காக அடி வாங்கிவந்த டீக்கடைக்காரர் மகளை மட்டும் அப்போதும் அடித்தார்கள், அவள் யாருக்கும் மரியாதையாகச் செய்யவில்லை என்பதால்.

கல்யாணமாகிப் பிள்ளையில்லாதவர்கள் தலைவரின் தூக்கிய கைக்குக் கீழே குனிந்து நின்று போனார்கள். கட்சிக்காரப் பையன்கள் கை நன்றாக இருக்கும்போதே தூக்கிவைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பையனுக்கு இன்னும் கை தூக்கவில்லை, சீக்கிரம் தூக்கிவிடும் என்று சொன்னார்களாம். ஒருநாள் ஆணையர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இந்த அரை வருஷத்தில் எங்கள் நகராட்சியில் ஒரு தீர்மானம்கூடத் தோற்கவில்லை, இப்படி ஒற்றுமையான நகராட்சி வேறெங்கும் கிடையாது என்றார். பொய்யில்லை. இறங்க முடியாத கை எதை எதிர்க்கும்?

அந்த அரை வருஷம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு மணி அடித்ததும் பள்ளிக்கூடக் கதவைப் பூட்டச்சொல்லி உத்தரவு. பிலோமினா டீச்சர் வாசல்படியில் உட்காரவைத்து இரண்டு நாள் பாடம் நடத்திப் பார்த்தாள், அனுமதியில்லாக் கூட்டம் என்று எழுதி அனுப்பினார்கள். மணி அடித்தது, வண்டி வந்தது, முப்பத்தாறு பேரும் கொட்டகைக்குப் போனார்கள். இறால் உரிப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஐஸ் தண்ணீரில் கை முங்கியே கிடக்கும், தலையில் இருக்கிற கொம்பு குத்தும், குத்தின இடத்தில் இறால் தண்ணீர் இறங்கி விரல்நுனித் தோலைத் தின்னும், நகத்தின் ஓரம் வெளுத்து, பிளந்து, சோப்புப் போட்டாலும் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். உழைப்பின் மணம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்துக்குள் பதினாலு பேர் காலையிலும் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

சகாயராணி வந்துகொண்டிருந்தாள். ஆனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாளாம். விடை தெரிந்த கேள்விக்கும் கை தூக்குவதில்லையாம். இதை என்னிடம் சொன்னவள் லூர்தம்மாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். ஏழாவது முடிந்ததும் பிள்ளையை முழுநாளுக்கு அனுப்பிவிடு, இல்லாவிட்டால் நீயும் வரவேண்டாம் என்று கொம்பையா சொல்லிவிட்டானாம். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இவ்வளவையும் என் கடை வாசலில் நின்று, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள். நான் தலைவரின் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பிலோமினா டீச்சர் வந்தாள். வகுப்பு போனால் போகட்டும், துணியாவது இருந்தால் பிள்ளைகளுக்குச் சொந்தச் செலவில் தைத்துக் கொடுத்து, ஒரு ஆட்டமாவது ஆடவைக்கலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள். மிஷின்மேல் உறுப்பினர் சட்டை ஒன்று மல்லாந்து கிடந்தது, அக்குளில் நீலம். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்கா வெட்டுனீங்க, மைனி?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், என் வாய்க்கு ஊரே பயப்படும். அவள் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆணையர் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார், எழுதிக்கொண்டே போனார், கைகள் தம்பாட்டுக்கு நின்றன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அவர் வாசிப்பது எண் மட்டும்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதா என்றாள். எழுதிக் கொடுத்த உறுப்பினருக்குத் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

எழுதிக் கொடுக்க ஒரு உறுப்பினர் வேண்டும், கையெழுத்துப் போட ஒரு வலக்கையும் வேண்டும். அப்படி ஊரில் மிச்சமிருந்தவள் ராமலட்சுமி ஒருத்திதான். அவளும் அந்த வாரமே என்னைத் தேடி வந்தாள், ஆனால் வேறு காரியத்துக்கு. கை கீழேயே இருந்ததால் அவளை யாரும் உறுப்பினராகவே மதிக்கவில்லை. விழாவில் நாற்காலி போடவில்லை. வார்டில் குழாய் உடைந்தாலும் பக்கத்து வார்டுக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். வெட்கத்தில் வெந்துபோய், ஒரு மூங்கில் குச்சியை வலக்கையோடு சேர்த்துக் கட்டித் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள், பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. குச்சியை உள்ளே மறைக்கிற மாதிரி, கை மேலேயே நிற்கிற மாதிரி ஒரு ரவிக்கை தைத்துத் தர முடியுமா என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

நான் என் வாழ்க்கையில் பேரம் பேசியது நிறைய, சரியாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம், இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொடு என்றேன். டீச்சர் எழுதிவைத்திருந்த தாள். அறுபத்து மூன்றாம் தீர்மானத்தை ரத்து செய்வது, மாலை வகுப்பைத் திரும்பத் திறப்பது, அதை நிறுத்துவதற்கு இனி பெற்றோர் கூட்டத்தின் சம்மதம் வேண்டும் என்பது, இவ்வளவுதான். ராமலட்சுமி அதை வாசிக்கவே இல்லை. ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் இருநூற்றுப் பதினேழு என்றார் ஆணையர். ஜன்னலோரம் நானும் டீச்சரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலைவர் இடக்கையால் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார், இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், தூங்குகிறவர்களின் கையும் மேலேதான் இருந்தது. ஆணையர் எழுதிக்கொண்டு, இருநூற்றுப் பதினெட்டு என்றார்.

உத்தரவு பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் அரங்கில் நாற்காலி உருண்டது. கொம்பையா நகராட்சி வாசலிலேயே நின்று அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர் ஆணையரை அழைத்து, என் கை நானாகத் தூக்கியதில்லை, இது ஒரு வியாதி, வியாதி போட்ட ஓட்டுச் செல்லாது என்று எழுதுங்கள் என்று கத்தினார். எங்கள் கடை வரைக்கும் கேட்டது. ஆணையர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதிலும் கேட்டது.

"எழுதிரலாம் சார். ஆனா அது செல்லாதுன்னா அறுவத்தி நாலுலயிருந்து எதுவுமே செல்லாது. மார்க்கெட் டெண்டர், உங்க தம்பி ரோடு, சந்தனம், எல்லாந்தான்."

அன்று சாயங்காலமே, மாணவச் செல்வங்களின் எதிர்காலம் கருதி மாலை வகுப்பை மீண்டும் தந்த வள்ளலே என்று தலைவரின் படம் போட்ட பேனர் பள்ளிக்கூட வாசலில் ஏறியது. அந்தப் படத்தில் அவர் கை பேனரையும் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கென்று தனியாக ஒரு அட்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எனக்குத் துப்பவேண்டும்போல இருந்தது. பேனருக்குக் கீழே போய் நின்று கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

திறப்புவிழா என்று ஒன்று வைத்தார்கள். பூட்டின கதவைத் திறப்பதற்கு ரிப்பன், இடக்கைக்குத் தோதான கத்தரி. முப்பத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மீதிப் பதினாலு பேருக்காக டீச்சர் வீடு வீடாக ஏறியும் அன்றைக்கு ஒருத்தியும் வரவில்லை. பூச்செண்டு கொடுக்கச் சகாயராணியை முன்னால் விட்டிருந்தார்கள். தலைவர் ரிப்பனை வெட்டிவிட்டுக் கத்தரியைக் கொடுத்தார், இடக்கையால் பூச்செண்டை வாங்கினார், போட்டோவுக்காகக் குனிந்தார், குனிந்தபடியே முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா நாத்தம் இது? டீச்சர், பிள்ளைய குளிக்கவெச்சுக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

அவர் அக்குள் அவள் தலைக்கு ஒரு அடி மேலே திறந்து கிடந்தது. அந்த வாடையில் கண் எரிந்துகொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சகாயராணி அரை வருஷமாக மறைத்துவைத்திருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, அவர் முகத்துக்கு நேராக விரித்தாள். விரல்நுனிகள் வெந்த கிழங்கைப்போல் தோலுரிந்து கிடந்தன.

"உங்க மச்சினன் கொட்டகை வாடை சார். குளிச்சா போகாது. எல்லாரும் குளிச்சுப் பாத்துட்டோம்."

பின்னால் நின்ற இருபத்தோரு பேரும் கைகளை நீட்டினார்கள். நாற்பத்து நாலு கைகளின் இறால் வாடை ஒன்றாகக் கிளம்பி அவர் மூக்குக்குப் போனது. அவர் மூக்கைப் பொத்தப் பார்த்தார். இடக்கையில் பூச்செண்டு, போட்டோக்காரர் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார், கீழே போட முடியாது. வலது தோள் நடுங்கியது, சட்டையின் தையல் தெறிக்கிற அளவுக்கு முயன்றார், என் தையல் விட்டது, கை இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் சிரித்தபடி அந்த வாடையை முழுசாக உள்ளே இழுத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தையல் விட்ட இடத்தில் நீலம் வெளியே வந்து தொங்கியது. சகாயராணி அதை அண்ணாந்து பார்த்தாள். வேர்வையும் சந்தனமும் ஊறி ஓரம் கறுத்திருந்தாலும் நிறம் போகவில்லை, வள்ளத்து நீலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறகு மெதுவாகத் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது, அது எங்கள் ஊரில் நடக்கிற அதிசயங்களில் சேரவில்லை.

தலைவரும் பேனரும் போன பிறகு டீச்சர் மைதானத்தில் வருகைப் பதிவை விரித்தாள். முப்பத்தாறு பெயரையும் கூப்பிட்டாள், வராத பதினாலு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கையில் புதுத் துணி இருந்தது, அதே நீலம். என் சொந்தச் செலவில் தூத்துக்குடி வரைக்கும் போய்த் தேடி எடுத்தது. இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. சகாயராணி வந்து துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பழைய அளவு பத்தாது அக்கா. நாங்க வளந்துட்டோம். மறுபடி எடுங்க."

அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். எந்தத் தையல்காரரும் சொல்கிற வார்த்தைதான், முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை. கையைத் தூக்கும்மா என்றேன். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். மேலே நின்ற அந்தக் கைகளையே பார்த்தேன். டேப்பைச் சுற்றி, இருபத்தெட்டு என்று பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டேன். கையை இறக்கும்மா என்றேன்.

இறக்கினாள்.